கெட்ட நீர் போகும் வழி

அந்த நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் எதிரே ஒரு போர்டு. "முதுநிலை நச்சுநீக்க நிபுணர்" என்று பெரிய எழுத்தில் தலைப்பு. அதன் கீழே: "உடலில் தேங்கிய கெட்ட நீரை வியர்வை வழியே வெளியேற்றும் துறையில் நீண்டகால அனுபவம் பெற்றவர். ஒவ்வொருவரின் உடல்வாகையும் ஆராய்ந்து தனித்தனி ஆலோசனை வழங்குவார்." பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, சிரிக்காமல் நிற்கும் ஒருவரின் படம்.

இவ்வளவிலும் படம் மட்டும் உண்மை. அதிலும் கோட்டு அவருடையது அல்ல. எதிர்வரிசை மருந்துக்கடைக்காரரிடம் படம் எடுக்கிற நேரத்துக்கு மட்டும் கேட்டு வாங்கியது. கையைக் கட்டிக்கொண்டதும் தோரணைக்காக அல்ல. மருந்துக்கடைக்காரர் குட்டையான மனிதர். கோட்டின் கை இவருக்கு முழங்கையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் வந்தது.

நீண்டகால அனுபவம் என்பதை மட்டும் முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. இங்கே வருவதற்கு முன் அவர் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் பாய்லர் பார்த்தவர். படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் வேகிற தொட்டிகளுக்கு ஆவி அனுப்புவது வேலை. ஹோட்டல்காரர்கள் ஒருநாள் துவைக்கிற வேலையை வெளியே கொடுத்தார்கள். கூடவே அவரையும் வெளியே அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில்தான் முதலாளியம்மா இந்த ஆவிக் குளியல் நிலையத்தைத் தொடங்கப் பாய்லர் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமா என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டாராம்.

"அழுக்கு எடுத்தேம்மா."

முதலாளியம்மா அதற்கு முன் விளம்பரத் துறையில் இருந்தவர். அந்த இரண்டு சொல்லிலிருந்து முழு போர்டையும் எழுதிவிட்டார்.

வாடிக்கையாளர்கள் அவரை 'ஆவியண்ணன்' என்பார்கள். தொலைபேசியில் அந்தப் பெயரைக் கேட்டு, பேய் ஓட்டுகிறவர் என்று நினைத்து, மகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று விசாரித்த ஒரு தகப்பனாரும் உண்டு. ஆவியண்ணனின் மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் துணி தைப்பவர். நாக்கு ஊசியைவிடக் கூர்மை. "மத்தவளுக்கெல்லாம் புருஷன் போன பிறகுதான் ஆவி. எனக்கு உசிரோட இருக்கும்போதே ஆவி. அதுவும் சாயங்காலமானா வீட்டுக்கு வந்து சாப்பாடு கேக்குது" என்பார்.

ஆலோசனை வழங்கும் நிபுணரின் ஒரு நாள் இப்படிப் போகும். விடிந்ததும் வந்து முதலில் பாய்லரின் அடி வால்வைத் திறந்துவிடுவார். முந்தின நாள் பூராவும் கொதித்து அடியில் தங்கிய சேறு, சுண்ணாம்புக் கலங்கலாகக் குழாய் வழியே கொட்டும். அது தெளிந்து வரும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வால்வை மூடுவார். பிறகு கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் பார்த்துப் பாய்லரைப் போடுவார். அது சூடாவதற்குள் ஆவி அறையின் டைல்ஸைத் தேய்ப்பார், பெஞ்சைத் துடைப்பார், துண்டுகளை மடிப்பார், செருப்புகளை ஜோடி சேர்ப்பார். வாடிக்கையாளர் உள்ளே போனபின் அவ்வப்போது கதவுக் கண்ணாடியில் தட்டி "இருக்கீங்களா?" என்பார். உள்ளிருந்து ஏதாவது ஒரு சத்தம் வந்தால் போதும், திருப்தி. ஒருமுறை "இல்லை" என்று யாரோ வேடிக்கையாகச் சொன்னபோதுகூட, "சரி சார்" என்று போய்விட்டார். சத்தம்தான் கணக்கு.

இந்தப் பணிகளில் அவருக்குப் பெருமை சேர்த்தவை இரண்டு. ஒன்று, ஆவி அறையின் மரப் பெஞ்சு. அதற்குத் தேக்கு நிறத்தில் வார்னிஷ் அடித்தவர் அவரே. மற்றது, நடைக்கோடியில் இருந்த கழிவறை. அதைப் போல ஒரு கழிவறை இந்தத் தெருவிலேயே கிடையாது என்பது அவர் கட்சி. "உள்ள உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம் சார். வெளிய வர மனசு வராது" என்பார். உண்மைதான். தரை கண்ணாடி மாதிரி இருக்கும். குழாயில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம்.

அவருக்கென்று ஒரு கொள்கையும் இருந்தது. உள்ளே போகுமுன் இரண்டு டம்ளர் தண்ணீர், வெளியே வந்ததும் இரண்டு டம்ளர். குடிக்காதவருக்குத் துண்டு கிடையாது. காரணம் கேட்டால் உடலியல் எதுவும் வராது. "தண்ணி இல்லாம பாய்லர் எரிஞ்சா வெடிக்கும் சார். நம்ம ரூம்ல வெடிச்சா நான்தான் துடைக்கணும்" என்பார்.

நிலையத்துக்கு வந்தவர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வியர்வை சிந்தாமல் சம்பாதித்த பணத்தை வியர்வை சிந்துவதற்காகச் செலவழிக்கிறவர்கள் அவர்கள். படியேற லிஃப்ட் தேடுவார்கள். ஆவி அறைக்கு ஓடி வருவார்கள். உள்ளே வேர்த்து ஒழுகி வெளியே வந்ததும் முதலாளியம்மா ஏற்பாட்டின்படி ஒரு வெள்ளைத் துண்டால் முதுகைத் துடைத்துக் காட்டப்படும். துண்டில் இளம்பழுப்பாக ஒரு கறை இருக்கும். "பாத்தீங்களா, எவ்வளவு நஞ்சு" என்பார் முதலாளியம்மா. வந்தவர் குண்டோ ஒல்லியோ, ஓயாமல் சிகரெட் பிடிக்கிறவரோ வெந்நீர் தவிர வேறு எதையும் தொடாதவரோ, எல்லோருடைய நஞ்சும் அதே தேக்கு நிறம். முதுகில் மட்டும்தான் வந்தது என்பதும், பெஞ்சின் சாய்மானம் முதுகு படுகிற உயரத்தில் இருந்தது என்பதும் அநேகமாக யாருக்கும் உறுத்தவில்லை. ஆவியண்ணனுக்கும்கூட. அவரிடம் ஒருவர் வாய்விட்டே கேட்டார், பெஞ்சிலிருந்து சாயம் போகிறதா என்று. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் அடிச்ச வார்னிஷ் சார். மூணு கோட்டு. அது போகாது. உங்க உடம்புலதான் ஏதோ இருக்கு."

தன் வேலை மேல் இருந்த நம்பிக்கையால் அவர் நச்சுநீக்கத்தையும் நம்பினார். நம்பிக்கைகள் பலவும் இப்படித்தான் வளர்கின்றன. வேர் ஓரிடத்தில், காய் வேறிடத்தில்.

என் அக்காவின் கணவர் அங்கே போகத் தொடங்கியது இப்படிப்பட்ட காலத்தில்தான்.

அத்தான் ஓய்வு பெற்ற எடை, அளவை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, கல் குறைந்தால் வழக்குப் போட்டவர். கடைத்தெருவில் அவர் தலை தெரிந்தால் தராசுகள் தாமாகவே நேராகிவிடும் என்று சொல்வார்கள். ஓய்வு பெற்றபின் சோதிக்க ஒன்றும் இல்லாததால் தன்னையே சோதிக்கத் தொடங்கினார். பசி இல்லை. உடம்பெல்லாம் அரிப்பு. சாயங்காலம் செருப்புப் பிடிக்கிறது. முகம் வற்றுகிறது, ஆனால் வயிறு மட்டும் உப்பி இடுப்புப் பட்டை ஒவ்வொரு துளையாகப் பின்வாங்குகிறது. இதையெல்லாம் கூட்டிப் பார்த்து "உடம்புல கெட்ட நீர் சேர்ந்துபோச்சு" என்று அவரே தீர்ப்பும் எழுதிவிட்டார். போர்டில் இருந்ததும் அதே சொல். சொல் பொருந்தியதும் மனிதர் பொருந்திவிட்டார்.

தினமும் போனார். உள்ளே போகுமுன் எடை பார்ப்பார், வெளியே வந்ததும் எடை பார்ப்பார். இடைப்பட்ட வித்தியாசத்தை வீட்டில் வந்து அறிவிப்பார்.

"இன்னிக்கு அரைக் கிலோவுக்கு மேல நஞ்சு போயிருக்கு."

"அப்ப இத்தனை நாள்ல நீங்களே பாதி போயிருக்கணுமே" என்பார் அக்கா.

"கிண்டல் பண்ணாத. தராசு பொய் சொல்லாது."

தராசு பொய் சொல்லவில்லை. வெளியே வந்ததும் ஆவியண்ணன் கையில் திணித்த இரண்டு டம்ளர் தண்ணீரில் அந்த அரைக் கிலோ அப்படியே திரும்ப ஏறியது. குடித்தபின் மட்டும் அத்தான் தராசில் ஏறவில்லை. ஒரு கடைக்காரன் இப்படிக் கணக்குக் காட்டியிருந்தால் தராசையே பறிமுதல் செய்திருப்பார்.

அக்கா விடாமல் சொல்லிச் சொல்லி அவரை ஒருநாள் குடும்ப டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் நல்ல மனிதர், நாகரிகமானவர், பெண்கள் எதிரே பேச்சில் ஒரு சொல் தடித்து வராது. நோயாளியின் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"நீர் நல்லா பிரியுதா?"

நிலையத்தில் நீர் என்றால் ஒரே பொருள்தான். அத்தான் முகம் மலர்ந்தது.

"பிரமாதமா பிரியுது டாக்டர். தினமும் தாராளமா போகுது. முன்னையவிட இப்ப ரொம்ப அதிகம்."

"ரொம்ப நல்லது" என்று டாக்டர் அந்தக் கேள்வியை மூடிவிட்டு ரத்தக் கொதிப்புக்குப் போய்விட்டார். அக்காவும் நிம்மதியாகக் கைப்பையை மூடினார். தமிழில் 'நீர்' என்ற சொல்லுக்கு இருக்கும் மரியாதை வேறு எந்தச் சொல்லுக்கும் கிடையாது. எதிரே நிற்கிறவரைக்கூட அதால் அழைக்கலாம். அன்று அந்த மரியாதைதான் மூவரையும் ஏமாற்றியது. டாக்டர் கேட்டது ஒன்று, அத்தான் சொன்னது இன்னொன்று, அதை அக்கா எடுத்துக்கொண்டதோ டாக்டரின் பொருளில்.

அதே நாட்களில் நிலையத்தில் ஆவியண்ணன் வேறொரு வருத்தத்தில் இருந்தார். அத்தான் தினமும் வருகிறார். சொன்ன பேச்சுக் கேட்டு நாலு டம்ளர் தண்ணீரையும் குடிக்கிறார். ஆனால் நடைக்கோடிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மற்றவர்கள் வெளியே வந்ததும் முதல் வேலையாக அங்கேதான் ஓடுவார்கள். பெரிய அதிகாரியாக இருந்தவர், குறை கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருந்தவர், தன் கழிவறையில் ஏதோ குறை கண்டுவிட்டார் என்று ஆவியண்ணன் முடிவு செய்தார். இரண்டு நாள் பிளீச்சிங் பவுடரைக் கூட்டிப் போட்டுத் தேய்த்தார். வாசனைக் கட்டியை மாற்றினார். குழாயை வினிகர் விட்டுப் பளபளக்கச் செய்தார். அத்தான் வரவில்லை. வீட்டில் மனைவியிடம் சொல்லிக் குறைப்பட்டிருக்கிறார்.

"அந்த ஆளு நம்ம கக்கூஸை மதிக்கவே மாட்டேங்கிறார்."

"கக்கூஸுக்கு மரியாதை கேட்டு அலையற முதல் மனுஷன் நீங்கதான்" என்றாராம் மனைவி. "கேட்டுடுங்க. மனசுல வச்சுக்கிட்டு இங்க வந்து எங்கிட்ட முகத்தைத் தூக்காதீங்க."

மறுநாள் ஆவியண்ணன் கேட்டேவிட்டார். நாகரிகச் சொல் தேட அவருக்கு நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு ஒண்ணுக்கே வராதா? இல்ல, நம்ம பாத்ரூம்ல ஏதாவது குறையா?"

அத்தான் சிரித்தார். "உன் பாத்ரூமுக்கு என்னப்பா குறை. எனக்கு இப்பல்லாம் சரியா வர்றதே இல்ல. சொட்டுச் சொட்டா வருது, அவ்வளவுதான். எல்லாம் வேர்வையா போயிடுதே, அப்புறம் எங்கேருந்து வரும்?"

ஆவியண்ணனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. கழிவறைக்குக் குறையில்லை. அதோடு, தன் ஆவி அறைக்கு இவ்வளவு சக்தி இருக்கிறது என்பது அவருக்கே புதிய செய்தி. அந்த வாரம் முழுவதும் வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லி மகிழ்ந்தார். "ஒரு சார் வர்றார். ஒண்ணுக்குப் போறதையே விட்டுட்டார்னா பாத்துக்கோங்க." ஒருவரும் அதிர்ச்சி அடையவில்லை. இரண்டு பேர் தங்களுக்கும் அப்படி ஆக எத்தனை நாள் பிடிக்கும் என்று கேட்டார்கள்.

அடுத்த வாரம் ஒருநாள் அத்தான் மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனார். அதைக் கொடுக்க அக்காவை என் காரில் கூட்டிக்கொண்டு போனேன். அத்தான் உள்ளே ஆவியில் இருந்தார். முன்னறையில் எங்களை உட்கார வைத்து ஆவியண்ணன் தண்ணீர் கொண்டுவந்தார். அக்கா யாரென்று தெரிந்ததும் அவருக்குக் கை கால் ஓடவில்லை.

"சாரோட வீட்டம்மாவா? சார் மாதிரி ஒருத்தர் வரணும்மா. சொன்னதைச் சொன்னபடி கேப்பார்."

"வீட்டுல கேக்கமாட்டார்" என்றார் அக்கா.

"அது எல்லா வீட்டுலயும் அப்படித்தாம்மா. என் வீட்டுலயும் அதான் புகார்." டம்ளரை நீட்டினார். "ஆனா சார் விஷயம் ஆச்சரியம்மா. மத்தவங்க ரெண்டு டம்ளர் குடிச்சா ரெண்டு தடவை ஓடுவாங்க. சார் ஓடவே மாட்டார். நான்கூட முதல்ல மனசு கஷ்டப்பட்டேன், நம்ம கக்கூஸ் பிடிக்கலையோன்னு. கேட்டுட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"ஒண்ணுக்கு வராதா சார்னு. 'சரியா வர்றதே இல்லப்பா, சொட்டுச் சொட்டாத்தான், மத்ததெல்லாம் வேர்வையா போயிடுது'ன்னார். பாருங்கம்மா, நம்ம ரூம் பவரை."

அக்கா டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"எத்தனை நாளா?"

"நான் பாத்த நாளா அவர் அந்தப் பக்கம் போனதே இல்லம்மா."

"டாக்டர்கிட்ட நல்லா பிரியுதுன்னாரே" என்றார் அக்கா, என்னைப் பார்த்து. சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துவிட்டது. "எந்த நீரைச் சொல்லியிருக்கார் இந்த மனுஷன்."

எழுந்து கதவருகே போனார். "வெளிய வாங்க."

"இன்னும் பத்து நிமிஷம்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"இப்ப வாங்க."

"நேத்தைவிடக் கொஞ்சமாத்தான் வேர்த்திருக்கு. தொந்தரவு பண்ணாத."

ஆவியண்ணனுக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. சொன்னதில் எது தவறு என்பதும் தெரியவில்லை. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பாய்லர் பார்த்தவருக்கு ஒரு பழக்கம். காரணம் பிறகு, முதலில் வால்வு. பேசாமல் போய் வால்வை மூடினார். அறைக்குள் சீறல் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அத்தானின் குரல், சோகமாக:

"ஆவி போச்சு."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு விழப்போனார். ஆவியண்ணன்தான் பதறிச் சொன்னார்: "ரூம்ல ஆவி போச்சும்மா. சாருக்கு இருக்கு, சாருக்கு இருக்கு."

வெளியே வந்த அத்தான் துண்டைக் கட்டிக்கொண்டு முதலாளியம்மாவிடம் புகார் செய்யத் தயாராக நின்றார். அக்கா அவருடைய வயிற்றில் கை வைத்தார். தொப்பை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது கல் மாதிரி இறுகியிருந்தது. நடக்கும்போது கால் தடுமாறியது. ஆவியண்ணன் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டு வந்து காரில் ஏற்றி, தானும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். தோளில் ஈரத்துண்டு, சட்டையில் பேட்ஜ், காலில் நிலையத்தின் ரப்பர் செருப்பு. இன்னொரு வாடிக்கையாளர் இன்னும் உள்ளே இருக்கிறார் என்பது அவருக்கு ஆஸ்பத்திரி வாசலில்தான் நினைவு வந்தது.

அவசரப் பிரிவில் இருந்த பெண் டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், ஒரு கேள்வி கேட்டார். இவரும் நாகரிகமாகத்தான் ஆரம்பித்தார். "நீர் எப்படிப் போகுது?" அத்தான் வாயைத் திறப்பதற்குள் ஆவியண்ணன் குறுக்கே விழுந்தார். "வேர்வை இல்லைங்க, ஒண்ணுக்கைக் கேக்கறாங்க சார். அதைச் சொல்லுங்க."

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. ரப்பர் குழாய் ஒன்று வைத்தார்கள். கட்டிலுக்கு அடியில் மாட்டிய பை நிறைந்தது. நர்ஸ் அதை மாற்றினார். அதுவும் நிறைந்தது. ஆவியண்ணன் கண்கொட்டாமல் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவும் உள்ளயேவா இருந்துச்சு?"

வயதானவர்களுக்கு வீங்கும் சுரப்பி ஒன்று வழியை நெரித்திருக்கிறது. சிறுநீர்ப்பை நிறைந்து, நீர் பின்வாங்கிச் சிறுநீரகங்கள் வரை அழுத்தியிருக்கிறது. ரத்தத்தில் கழிவு ஏறிவிட்டது. டாக்டர் இதை எங்களுக்குச் சொன்னார். சிறுநீரகம் பிழைக்குமா என்று அக்கா கேட்டார். சில நாள் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா நான் இந்தப் பதிலைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்."

அப்போது ஆவியண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"டாக்டரம்மா, வேர்வையில இந்தக் கெட்ட நீரெல்லாம் போயிடாதா?"

"வேர்வை உடம்பைக் குளிர வைக்கத்தாங்க. தண்ணியும் உப்பும்தான் போகும். கழிவு ஏதோ துளித் துளி அதுலயும் இருக்கும், ஆனா அதை நம்பி ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. கழிவை எடுக்கறது சிறுநீரகமும் ஈரலும். ஆவியில உட்கார்றது சுகமா இருக்கும், அது வேற. அடைச்ச சாக்கடைக்கு மாடியைக் கழுவினா எப்படி?"

ஆவியண்ணன் தலையில் மெல்ல அடித்துக்கொண்டார்.

"இது எனக்கே தெரியுங்க. தினமும் காலையில அடி வால்வைத் திறக்கறேன். சேறெல்லாம் அதுலதான் வருது. மேல போற ஆவியில ஒரு பொட்டு அழுக்கு இருக்காது, அவ்வளவு சுத்தம். அடி வால்வு அடைச்சுதுன்னா பாய்லர் அம்போதான். பாய்லர்ல தெரிஞ்சது மனுஷன்ல தோணலையே."

"யாருக்குமே தோணலை. நீங்க யாரு, இவருக்கு உறவா?"

"இல்லைங்க, நான்..." என்று இழுத்தார். டாக்டர் சட்டையிலிருந்த பேட்ஜைப் படித்தார். முதுநிலை நச்சுநீக்க நிபுணர். கட்டிலுக்கு அடியில் மூன்றாவது பை நிறைந்துகொண்டிருந்தது.

"நானும் அந்த வேலைதான் பண்றேன்" என்றார் டாக்டர். "எனக்கு யாரும் பேட்ஜ் தரல."

அந்தச் சில நாட்களும் அக்கா ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே இருந்தார். ஆவியண்ணன் வேலை முடிந்ததும் தினமும் வந்தார். வந்தால் அத்தானை நலம் விசாரிக்க மாட்டார். நேரே குனிந்து பையைப் பார்ப்பார், பாய்லர் குழாயில் நீர்மட்டம் பார்க்கிற அதே முகத்தோடு. "தெளிவா வருது சார்" என்பார். பிறகுதான் உட்காருவார். அத்தானுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு ஆவியண்ணன் வருகிற நேரமானால் பையைத் தெரிகிறபடி தானே திருப்பி வைக்கத் தொடங்கினார்.

ரத்தத்தில் ஏறிய கழிவு இறங்கியது. ஒரு சிறுநீரகம் முழுதாகத் திரும்பியது, மற்றது முக்கால்வாசி. சுரப்பிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அத்தான் இன்று செருப்பு இறுகாமல் நடக்கிறார், பசித்துச் சாப்பிடுகிறார், அக்காவிடம் சண்டை போடுகிறார். இந்த மூன்றில் எதற்கு அதிகம் நன்றி சொல்வது என்று அக்காவால் இன்னும் முடிவு செய்ய முடியவில்லை. சண்டைக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சில சமயம் நடுச் சண்டையில் அக்கா பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டே நிற்பார். "என்ன?" என்பார் அத்தான். "ஒண்ணுமில்ல, சொல்லுங்க" என்பார்.

நன்றிக்கு என்ன கொடுப்பது என்று ஒரு யோசனை வந்தது. பணம் என்றால் வாங்கமாட்டார். அக்கா நல்ல வெள்ளைத் துணி எடுத்து ஆவியண்ணனின் மனைவியிடமே கொடுத்தார், கணவர் அளவுக்கு ஒரு கோட்டுத் தைக்கச் சொல்லி. மனைவி அளவு எடுக்கும்போது சொன்னாராம், "இத்தனை வருஷத்துல உங்களால ஒருத்தருக்கு நல்லது நடந்திருக்கு, அதுவும் கக்கூஸால." கையை மணிக்கட்டு வரை சரியாக வைத்துத் தைத்தார். ஆவியண்ணன் அதைப் பாய்லர் அறையில் ஆணியில் மாட்டியிருக்கிறார். ஒரு தடவைகூடப் போட்டதில்லை. "ஆவியில நனைஞ்சு வீணாயிடும் சார்" என்கிறார். காலையில் அடி வால்வைத் திறக்குமுன் அதை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்கிறார்.

நிலையத்தில் முதலில் பூகம்பம்தான். நடுவில் வால்வை மூடிவிட்டுப் போனதற்கும், குளிர்ந்த அறையில் ஒரு வாடிக்கையாளர் இருட்டும்வரை உட்கார்ந்து இதுவும் சிகிச்சையின் ஒரு கட்டம் என்று நம்பிக்கொண்டிருந்ததற்கும் முதலாளியம்மா கோபப்பட்டார். அத்தான் நேரில் போய் விஷயத்தைச் சொன்னதும் கோபம் போய் யோசனை வந்தது. அதுதான் ஆபத்து.

ஆவியண்ணன் தம் பங்குக்கு இரண்டு மாறுதல்கள் செய்தார். பெஞ்சின் வார்னிஷை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டார். மறுநாளிலிருந்து யாருடைய முதுகிலும் நஞ்சு இல்லை. அதோடு, துண்டு கொடுக்குமுன் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்கிறார், அதே பழைய சொல்லில், நடைக்கோடி வரை கேட்கிற குரலில். சிலர் நெளிகிறார்கள். ஒரு பேராசிரியர் இனி வரமாட்டேன் என்று போய், மறுவாரம் திரும்பி வந்து, ஆவியண்ணனை ஓரமாக அழைத்துத் தாழ்ந்த குரலில் பதில் சொன்னார். அவரும் இப்போது மருந்து சாப்பிடுகிறார். அத்தானும் போகிறார், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, எப்போதாவது. எடை பார்ப்பதில்லை. உள்ளே சும்மா உட்கார்ந்து, சுகமாக வேர்த்துவிட்டு, நாலு டம்ளர் குடித்து, நடைக்கோடிக்கு நடந்து போய்த் திரும்புகிறார். வரும்போது ஆவியண்ணனைப் பார்த்து ஒரு தலையசைப்பு. கழிவறைக்கு அவர் கொடுக்கிற சான்றிதழ் அது.

முதலாளியம்மாவின் யோசனை போன மாதம் முடிந்தது. இப்போது கண்ணாடிக் கதவுக்கு எதிரே புதிய போர்டு, முன்னதைவிடப் பெரிது. "தலைமை நச்சுநீக்க நிபுணர், சிறுநீரக நல ஆலோசகர். உடலின் உள்ளோட்டங்களைக் கேள்வி ஒன்றாலேயே கணிக்க வல்லவர்." படம் மட்டும் பழையது, அதே குட்டைக் கோட்டு, அதே கட்டிய கை.

அவர் செய்தது: ஒருவர் தன் கழிவறைக்கு வரவில்லை என்று வருத்தப்பட்டு, உங்களுக்கு ஒண்ணுக்கு வராதா என்று கேட்டார், கிடைத்த பதிலை அவருடைய மனைவியிடம் சொன்னார், அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் போய் ஆவியை நிறுத்தினார்.